பள்ளி முன்னாள் மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2023-24

தலைவர் அவர்களுக்கும், மூத்த உறுப்பினர்களுக்கும், இதற்காகவே வெளியூரிலிருந்து வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

விளையாட்டுப் போட்டியும் நோட்டுப் புத்தகம் வழங்குவதும் வழக்கம்போல் நடந்தன. ஐப்பசி மழையில் ஒரு மாதம் தவிர மாதக் கூட்டம் தவறவில்லை. மற்றபடி இந்த ஆண்டு சங்கத்தின் வேலை ஒன்றே ஒன்றுதான்: மூன்று ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக் கட்டடத்தைத் திறந்தது.

கடைசியாக அங்கே இரண்டு பிள்ளைகளும் ஒரு டீச்சரும் இருந்தார்கள். பிறக்கும் பிள்ளைகளே குறைந்துவிட்டார்கள். பிறந்தவர்களையும் காலை ஏழரைக்கு வரும் இங்கிலீஷ் மீடியம் வேன் ஏற்றிக்கொண்டு போனது. என் வீட்டுப் பிள்ளையும் அந்த வேனில்தான் ஏறினான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 2019இலேயே மாணவர் ஒருவர்கூட இல்லாத 46 அரசுப் பள்ளிகளை நூலகமாக்கப் போவதாக அரசு அறிவித்தது. பிள்ளைகள் வந்தால் மீண்டும் பள்ளியாகும் என்றும் அப்போது சொன்னார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பள்ளி அப்படித் திரும்பவும் திறந்தது. நாம் பிடித்துக்கொண்டது அந்த வாக்கைத்தான்.

முதலில் பயம் இடிப்பைப் பற்றித்தான் இருந்தது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களைச் சோதித்து இடித்தார்கள். அது சரியான நடவடிக்கை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஓட்டுக் கட்டடம் என்றாலே இடி என்று ஆகிவிடக் கூடாதே. பொறியாளர் ஒருவரை அழைத்து வந்து காட்டினோம். சுவர் உறுதியாக இருக்கிறது, கூரை மரம்தான் போய்விட்டது என்றார். ஓடு உடைந்த இடத்தில் மழைநீர் இறங்கி, கூரையின் சாய்வு மரமான கைமரம் சுவரில் உட்காரும் முனைகளில் கரையான் ஏறியிருந்தது. நடுவில் இருக்கும் உத்தரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழுதுபார்த்ததைக் கொஞ்சம் விரிவாகவே பதிவு செய்கிறேன். பின்னால் வருபவர்களுக்கு உதவும். கைமரங்களில் பாதியையும் அவற்றின் மேல் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் முழுவதையும் மாற்றினோம். மங்களூர் ஓடு புதிதாக வாங்கவில்லை, பக்கத்து ஊரில் இடித்த வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டோம். அளவு அப்படியே பொருந்தியது. சுவருக்கு சிமெண்ட் பூசிவிடலாம் என்று நம்மில் பலர் சொன்னோம், நானும் சொன்னேன். கொத்தனார் ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று இரண்டு மழையில் பூச்சு பெயர்ந்துவிடும் என்றார். கடுக்காய் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்து அவரே பூசினார். அந்த ஒரு வேலைக்கே பதினெட்டு நாள் ஆனது. இந்த மழைக்காலம் முழுக்க ஒரு சொட்டு ஒழுகவில்லை.

எதற்குப் பயன்படுத்துவது என்பதில் ஆகஸ்ட் கூட்டத்தில் வாக்குவாதம் வந்தது. நெல் மூட்டை அடுக்கலாம், ரேஷன் கடை வைக்கலாம், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம் என்றெல்லாம் யோசனை வந்தது. பள்ளியை வேறு எதற்கும் தொடவே கூடாது என்று மூத்தவர்கள் சிலர் கண்கலங்கிச் சொன்னார்கள். கட்டடம் ஒன்றியத்துடையது, நாம் யார் கேட்க என்று இன்னொரு பக்கம். அன்று ஜப்பானிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நம் உறுப்பினர் ஒருவர் எழுந்து பேசினார். அங்கே ஆண்டுக்குச் சுமார் 450 பள்ளிகள் மூடப்படுகின்றனவாம். காலிப் பள்ளியையும் அதைக் கேட்டு வருபவரையும் சேர்த்துவைக்க அவர்கள் கல்வி அமைச்சகமே 2010இல் ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. முரோட்டோ என்ற கடலோர ஊரில் 2018இல் ஒரு தொடக்கப் பள்ளி மீன் காட்சியகம் ஆனது. பிள்ளைகள் நீந்திய குளத்தில் இப்போது சுறாவும் கடல் ஆமையும் இருக்கின்றன. கியோட்டோவில் 1869இல் ஊர்மக்களே பணம் போட்டு 64 தொடக்கப் பள்ளிகள் தொடங்கினார்கள். அந்த வழியில் வந்த தட்சுயிகே பள்ளிதான் 2006இல் படக்கதை அருங்காட்சியகமாக மாறியது. நம் பள்ளிக்கு இடம் கொடுத்ததும் மண் சுமந்ததும் நம் தாத்தாக்கள்தான் என்று அவர் முடித்தபோது, கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டா என்ற பேச்சு அத்தோடு நின்றது.

முடிவு இதுதான்: நாளைக்கே பள்ளி திரும்பி வந்தாலும் காலி செய்து கொடுக்கக்கூடிய பயன்பாடு மட்டுமே வேண்டும். அதனால் ஓர் அறை வாடகை வீட்டில் இயங்கிய அங்கன்வாடிக்கு, இன்னோர் அறை நூலகத்துக்கு. அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் நிறைவேறியது. அதன் பிறகு மனு எத்தனை மேசை ஏறி இறங்கியது என்பதை உடன் அலைந்தவர்கள் அறிவார்கள். ஓர் அலுவலகத்தில் கோப்பே காணாமல் போய் மறுபடி எழுதிக் கொடுத்தோம். பொங்கல் முடிந்து அங்கன்வாடி குடிவந்தது.

நூலகம் இப்போதைக்கு நாம் நடத்துவதுதான். மாலை ஐந்து முதல் எட்டு வரை திறக்கிறோம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள்தான் அதிகம் வருகிறார்கள். இதை அரசின் பகுதிநேர நூலகமாக ஏற்கக் கேட்டிருக்கிறோம். நாம் கட்டும் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் போகிறது. விடுதலைக்குப் பின் நாட்டிலேயே முதலில், 1948இல், பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது நம் மாநிலம். ஆகவே இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. சுவரில் இருக்கும் கரும்பலகையை மறைத்து அலமாரி வைக்க வேண்டாம் என்று முடிவெடுத்தோம். தண்டவாள மணியும் அதே வேப்பமரத்தில்தான் தொங்குகிறது.

பழைய சேர்க்கைப் பதிவேடுகள் பக்கத்து ஊர்ப் பள்ளியில் பத்திரமாக இருக்கின்றன. பிறந்த தேதிச் சான்று வேண்டுபவர்கள் அங்கே கேட்கலாம்.

கழிப்பறைக்கு இன்னும் தண்ணீர் இணைப்பு வரவில்லை, இதுதான் பெரிய குறை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

அங்கன்வாடியில் வரும் ஜூனுக்குள் ஐந்து வயது முடிகிறவர்கள் ஆறு பேர். அந்த ஆறு வீட்டுக்கும் போய், முதல் வகுப்பை இங்கேயே கேட்போமா என்று பேச மூன்று பேர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்