இரண்டாவது விஷயம்

கல்லடி, மட்டக்களப்பு

அன்புள்ள மச்சான்,

ஏழு மாதமாகக் கடிதமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. கோபித்தவன் நான், முதலில் எழுத வேண்டியவனும் நானே. வீட்டில் எல்லோரும் நலம். வாவி இறால் இப்போது மலிவு. உன் வயிறு எரியட்டும் என்றே எழுதுகிறேன்.

போன மாதம் கோயிலில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் கணக்கு வாசித்தார். மின்விளக்குச் செலவு இரண்டு இடத்தில் வந்தது. எனக்கும் கேட்டது, பக்கத்தில் இருந்தவருக்கும் கேட்டது. எழுந்து கேட்டால் எந்தக் குடிவழி எந்தக் குடிவழியைக் கேட்கிறது என்றாகிவிடும், திருவிழாவே நின்றுபோகும் என்று நானும் தலையாட்டினேன். வெளியே தேத்தண்ணீர்க் கடைக்குப் போனால் அத்தனை பேரும் கணக்காய்வாளர்கள்!

அந்த எரிச்சலோடுதான் அம்பாறைக்குப் பஸ் ஏறினேன். நம் சிங்களக் கூட்டாளி நெட்டையன், மழைக்கால முடிவில் பிக்குகளுக்குக் காவி உடை கொடுக்கும் ‘கட்டின’ பூசைக்கு வரச் சொல்லியிருந்தான். (நீ கற்றுக்கொடுத்த மூன்று தமிழ்ச் சொற்களையும் அவன் இன்னும் மறக்கவில்லை, பாவி.) விகாரையில் வயதான பிக்கு ஒருவர். மழைக்காலத்தில் ஓரிடத்திலேயே தங்கும் வஸ் காலம் மூன்று மாதமும் ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் எப்படி இருக்கிறீர்கள் என்று அவன் வழியாகக் கேட்டேன். சிரித்துவிட்டார். “சண்டையில்லாமல் இருந்ததற்காகத்தான் அந்தக் காலத்தில் புத்தரிடம் ஏச்சு வாங்கினார்கள்” என்றார்.

கோசல நாட்டில் சில பிக்குகள் மழைக்காலத்தைச் சச்சரவின்றிக் கழிக்க ஒரு வழி கண்டார்களாம்: ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லை. பிச்சையேற்று முதலில் திரும்புகிறவர் இருக்கை போட்டு, கால் கழுவத் தண்ணீர் வைப்பார். கடைசியில் வருகிறவர் மிச்சத்தை உண்டு இடத்தைக் கூட்டுவார். தண்ணீர்ப் பானையைத் தனியாகத் தூக்க முடியாவிட்டால் கையசைத்து இன்னொருவரை அழைப்பார். மூன்று மாதம் முடிந்ததும் சாவத்தி நகரில் இருந்த புத்தரிடம் போய், ஒற்றுமையாகச் சுகமாக இருந்தோம் என்று சொன்னார்கள். ஆடுமாடுகளைப் போலச் சேர்ந்து கிடந்துவிட்டுச் சுகம் என்கிறீர்களா என்று புத்தர் கண்டித்தார். அதன் பிறகுதான் பவாரணை என்ற முறையை வைத்தார். வஸ் முடியும் நாளில் மூத்த பிக்கு குந்தியிருந்து கைகூப்பி, கண்டதோ கேட்டதோ ஐயப்பட்டதோ, என் குற்றத்தைச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன் என்று மும்முறை கேட்பார். பிறகு அடுத்தவர், அப்படியே கடைசி இளையவர் வரை. மூத்தவர் முதலில் குந்துகிறார், பார்த்தாயா? நம் வண்ணக்கரை அந்தக் கோலத்தில் நினைத்துப் பார்!

உங்களிடம் யாராவது அப்படிக் குற்றம் சொல்லியிருக்கிறார்களா என்று பிக்குவிடம் கேட்டேன். நெட்டையன் மொழிபெயர்க்கத் தயங்கினான். பிக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். (அவர்களுடைய மழைக்காலம் முடியும்போதுதான் நம் பக்கம் மழை பிடிக்கிறது, அதை விடு.) ஒரே ஒருவன், வயதில் மிகச் சின்னவன், சொன்னானாம்; அன்றிரவு தனக்குத் தூக்கம் வரவில்லை என்றார். அவன் சொன்னது என்னவென்று சொல்லவில்லை.

திரும்பும் வழியெல்லாம் உன் நினைவுதான். இரண்டு வளவையும் மூத்த மகளுக்கே நான் சீதனமாக எழுதியது பிழை, சின்னவள் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுக்காதே என்றாய். நான் ஏசினேன். நீ சொன்னது முழுக்கச் சரி என்று இன்னும் ஒப்பமாட்டேன். ஆனால் சின்னவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அழவில்லை, ஒரு மணி நேரம் பேசினாள். சோறு இறங்கவில்லை எனக்கு.

“அதோடு இரண்டாவது விஷயம்” என்று நீ தொடங்கும்போதுதான் தொலைபேசியை வைத்தேன். அது என்ன? ஞாயிறு காலையில் எடு. குந்தியிருக்க முழங்கால் விடாது; கதிரையில் இருந்தபடியே கேட்கிறேன்.

உன்
மச்சான்