தலையில் அடிபட்ட பிள்ளையை இரண்டு நாள் கவனியுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

குறுக்கோட்டப் பயிற்சியும் காற்பந்தும் தொடங்கிவிட்டன. திடலில் தலையில் அடிபடும் பிள்ளையிடம் இனி ஒரு மஞ்சள் சீட்டு கொடுத்தனுப்புவோம். எத்தனை மணிக்கு, எதில் மோதியது, மயங்கியதா, வாந்தி எடுத்ததா என்று அதில் எழுதியிருக்கும். கிளினிக்குக்குப் போனால் சீட்டையும் கொண்டுபோங்கள். அடிபட்ட நேரத்தை டாக்டர் கட்டாயம் கேட்பார்.

மயக்கம் போடவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். மூளை அதிர்ச்சி கண்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டில் எலும்பு மெல்லியது. அதன் உட்புறம் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. எலும்பில் விரிசல் விழுந்து குழாய் கிழிந்தால், பிள்ளை எழுந்து பேசி, மைலோ குடித்து, சில மணி நேரம் கழித்துத்தான் சரியும். இடையில் நன்றாக இருப்பதுதான் நம்மை ஏமாற்றும்.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, குழறும் பேச்சு, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, ஒரு கண்ணின் கருமணி மட்டும் பெரிதாவது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போலவோ ரத்தமாகவோ கசிவது, காதுக்குப் பின்னால் கன்றிப்போவது: இதில் ஒன்று தெரிந்தாலும் ஆம்புலன்ஸுக்கு 999-ஐ அழையுங்கள். தூங்கித் தூங்கி விழும் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்து ஓடாதீர்கள். கழுத்திலும் அடி இருக்கலாம்.

டாக்டர் வீட்டுக்கு அனுப்பினால் பிள்ளை தூங்கலாம். முதல் இரவு ஓரிரு தடவை தொட்டு எழுப்புங்கள். முனகிக்கொண்டு உங்கள் கையைத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தால் அது தூக்கம். உலுக்கியும் அசையாவிட்டால் தூக்கமல்ல. வலிக்கு பனடோல் (பாராசிட்டமால்) போதும், ஒரு வேளைக்கு எடை ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஆஸ்பிரின், புருபன் (இபுபுரோஃபன்) வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டலாம். வீக்கத்தில் தைலம் போட்டு அழுத்தித் தேய்க்கிற பாட்டிமாரிடம் பக்குவமாகச் சொல்லி, துணியில் சுற்றிய ஐஸ் வைக்கச் சொல்லுங்கள்.

சில அடையாளங்கள் மறுநாள்தான் தெரியும். வெளிச்சம் கூசும், கேட்டதையே கேட்கும், காரணமில்லாமல் எரிந்து விழும், வாய்ப்பாடு மறந்து திணறும். சோம்பேறித்தனம் என்று அதட்டாமல் வகுப்பாசிரியருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு வரி அனுப்புங்கள், வீட்டுப்பாடத்தைக் குறைப்போம். முதல் ஓரிரு நாள் கைப்பேசி விளையாட்டும் வேண்டாம்.

அடிபட்ட அன்று எந்தப் பிள்ளையும் மீண்டும் திடலில் இறங்காது, இறுதிச் சுற்றாக இருந்தாலும் சரி. முதல் அடி ஆறுமுன் விழும் இரண்டாவது அடியில் மூளை கடுமையாக வீங்கலாம். நடை, மெல்லோட்டம், பந்துப் பயிற்சி, பிறகு ஆட்டம் என்று படிக்கு ஒரு நாளாவது விட்டு ஏற்றுவோம். தலைவலி திரும்பினால் முந்தைய படிக்கு இறக்குவோம். ஆட்டத்துக்கு முன் டாக்டரின் சம்மதக் கடிதம் வேண்டும்.

இன்னொன்று. காலையில் பள்ளி வாசலில் அப்பா தலையில் ஹெல்மெட் இருக்கிறது, முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தலையில் இல்லை. தோட்டத்துச் சாலைதானே என்று விடாதீர்கள். தாடைவாரையும் மாட்டிவிடுங்கள்.

மஞ்சள் சீட்டின் அடியில் கையெழுத்திட்டு மறுநாளே திருப்பி அனுப்பவும்.

நன்றி.

தலைமையாசிரியர்