தலைச்சாயம் வாங்கும்முன் முகத்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கும்போது நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் கடைத்தெருக்களில் தலைச்சாயம் வாங்குவோர் கூட்டம் பெருகிவிடுகிறது. மணமக்களைவிட அவர்களுடைய பெற்றோரும் அத்தை, மாமன்மாருமே அதிகம் வாங்குகிறார்கள். தக்கலையில் அழகு நிலையம் நடத்திவருபவள் என்ற முறையில், அவர்கள் எதைப் பார்த்து நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை நன்கு அறிவேன். பெரும்பாலோர் யோசனையே இல்லாமல் கடுங்கறுப்பைக் கேட்கிறார்கள். இளையவர்கள் பெட்டியின் மேல் இருக்கும் பெண்ணின் கூந்தலைக் காட்டி அதே நிறம் வேண்டும் என்கிறார்கள். தன் தோலின் நிறத்தோடு ஒத்துப்போகுமா என்று பார்த்து வாங்குபவர் மிகக் குறைவு. அதைப் பற்றியே இக்கடிதம்.

நம் முடியைக் கறுப்பு என்று சொன்னாலும், ஓர் இழையை வெயிலில் பிடித்துப் பார்த்தால் அது பெரும்பாலும் கரும்பழுப்பாகவே தெரியும். கடையில் ‘கறுப்பு’ என்று விற்கப்படும் சாயம் அதைவிட அடர்த்தியானது. சிலவற்றில் நீலச் சாயலும் சேர்ந்திருக்கும். ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்குப் புருவத்தில் நரை ஓடியிருக்கும், தோலின் நிறமும் சற்று மங்கியிருக்கும். அந்த முகத்துக்கு மேலே தலையும் மீசையும் மட்டும் மைக்கறுப்பாக நிற்கும்போது, நெற்றிச் சுருக்கமும் கண்ணுக்குக் கீழுள்ள கருவளையமும் முன்பைவிட எடுப்பாகத் தெரிகின்றன. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், இரண்டு மூன்று வாரத்திலேயே வகிட்டில் வெள்ளைக் கோடும் வந்துவிடுகிறது. பாதிக்கு மேல் நரைத்தவர்கள் கரும்பழுப்பைத் தேர்ந்தால் அந்தக் கோடு அவ்வளவு பளிச்சென்று தெரியாது, முகமும் கடுமை குறைந்து காணப்படும்.

பெட்டியில் உள்ள எண்ணைப் படிக்கப் பழகுவது இதற்குப் பெரிதும் உதவும். பொதுவாக 1 என்பது கறுப்பு, 3 கரும்பழுப்பு, 4 பழுப்பு, 5 இளம்பழுப்பு. புள்ளிக்குப் பின்னால் வரும் எண் சாயலைக் குறிக்கும். பல நிறுவனங்களில் 1 சாம்பல் சாயல், 3 பொன் சாயல், 4 செம்புச் சாயல். நிறுவனத்துக்கு நிறுவனம் சிறு மாற்றம் உண்டு என்பதால் வாங்கும் பெட்டியின் விளக்கத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் முகங்களுக்குப் பெரும்பாலும் 3, 4 ஆகிய இரண்டுமே போதுமானவை. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் முடியை வெளுக்க வேண்டியிருக்கும், வெளுத்த முடி வறண்டு உடையும்.

சாயலைத் தேர்வதில்தான் தோலின் நிறம் முக்கியமாகிறது. ஒருவர் கறுப்பா, மாநிறமா, சிவப்பா என்பது மேற்பார்வைக்குத் தெரியும் நிறம். அதன் அடியில் மஞ்சள் சாயலோ, ரோஜா அல்லது நீலச் சாயலோ ஓடுகிறது. மணிக்கட்டு நரம்பு பச்சையாகத் தெரிந்தால் மஞ்சள் சாயல், நீலமாகத் தெரிந்தால் மற்றது என்று சொல்வார்கள். கறுத்த தோலில் நரம்பே சரியாகத் தெரியாது என்பதால் நம்மில் பலருக்கு இந்தச் சோதனை உதவாது. அலமாரியில் உள்ள புடவைகளே நல்ல வழிகாட்டி. கடுகு மஞ்சள், செங்கல் நிறப் புடவையைத் தோளில் போடும்போது முகம் தெளிந்து தெரிந்தால் பொன்பழுப்பும் செம்பழுப்பும் பொருந்தும். அடர் ரோஜாவும் கருநீலமும் எடுத்துக் கொடுத்தால் பர்கண்டி எனப்படும் கருஞ்சிவப்பும் சாம்பல் சாயல் கலந்த கரும்பழுப்பும் பொருந்தும். இரண்டும் சரியாக இருப்பவர்கள் சாயல் கலவாத இயல்பான பழுப்பை எடுத்துக்கொள்ளலாம். நல்ல கறுப்புத் தோல் உடையவர்களுக்குக் கரும்பழுப்பும் அடர்ந்த கருஞ்சிவப்பும் மிக அழகாக இருக்கும். வெளிறிய சாம்பல் நிறங்கள் அவர்கள் முகத்தின் பொலிவைக் குறைத்துவிடும். எந்தச் சாயமும் முகத்தைச் சிவப்பாக்காது. அப்படிச் சொல்லி விற்பவர்களை நம்பி, தனக்குப் பொருந்தாத இளம்பொன் நிறத்தைக் கேட்டு வரும் பெண்பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் ஏற்படுகிறது.

அட்டைப் படத்தை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நரைத்த இழையில் நிறமி இல்லாததால் சாயத்தின் நிறம் அப்படியே தெரியும். கறுப்பு இழையில் அதே சாயம் வெயிலில் மட்டும் லேசாக மின்னும். ஆகவே ஒரே பெட்டி இரண்டு சகோதரிகளின் தலையில் இரண்டு விதமாகத் தெரிவது இயல்பே. காதுக்குப் பின்னாலிருந்து நரை கலந்த நான்கைந்து இழைகளை வெட்டி, அதில் மட்டும் சாயத்தைப் பூசி, கழுவி உலர்த்தி, தாடையோரம் வைத்து வாசலுக்கு வந்து பார்த்தால் உண்மை விளங்கிவிடும். குழல்விளக்கின் கீழ் சரியாகத் தோன்றிய பழுப்பு, முற்றத்துக்கு வந்ததும் செம்பட்டையாகத் தெரிவதை நான் அடிக்கடி காண்கிறேன்.

நம் மாவட்டத்துக்கென்று ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். குளச்சல் முதல் கன்னியாகுமரி வரையுள்ள கடலோரத்தில் வெயிலும் உப்புக்காற்றும் சாயத்தை விரைவாக மங்கச் செய்கின்றன. அதிலும் சிவப்புச் சாயல்கள்தான் முதலில் போகும். வெயிலில் வேலை செய்பவர்கள் பூசிய அன்று தெரியும் நிறத்தை மட்டும் பார்க்காமல், ஒரு மாதம் கழித்து வெளுத்து நிற்கும் நிறமும் தங்கள் முகத்துக்கு ஒத்துப்போகுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மருதாணி மட்டும் போட்டால் நரை ஆரஞ்சு நிறமாகும். மஞ்சள் சாயல் கொண்ட மாநிறத்தில் அது பாந்தமாக இருக்கும். மற்றவர்கள் மருதாணிக்குப் பின் அவுரிப் பொடி போட்டால் பழுப்பும் கறுப்பும் கிடைக்கும். அவுரியின் நிறம் முழுமையாக ஏற ஓரிரு நாள் ஆகும். ‘கறுப்பு மருதாணி’ என்ற பெயரில் வருபவற்றில் பாரா பினைலின்டையமின் என்ற வேதிப்பொருள் கலந்திருப்பதுண்டு. சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும் அப்பொருளே சாதாரணச் சாயங்கள் பலவற்றிலும் இருக்கிறது; எனவே 48 மணி நேரத்துக்கு முன்பே காதுக்குப் பின்னால் சிறிது தடவிப் பார்ப்பது கட்டாயம். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலையில் சாயம் பூச வருபவர்களுக்கு அந்த அவகாசமே இருப்பதில்லை.

இந்தச் சோதனையைப் பற்றிய எச்சரிக்கையைச் சாயப் பெட்டியின் மேல் உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதுபோல நிற எண்ணின் பொருளையும் நிறுவனங்கள் தமிழில் அச்சிட வேண்டும். கடைக்காரர்கள் சாயமிட்ட முடிக்கற்றைகள் கோத்த அட்டையைக் கல்லாவுக்குப் பின்னால் வைக்காமல், வெளிச்சம் படும் வாசலில் வாடிக்கையாளர் கையில் எடுத்துப் பார்க்கும்படி வைக்கலாம். தங்கள் நாளிதழும் முகூர்த்த காலத்துக்கு முன்பே, நம் ஊர்த் தோல் நிறங்களில் எடுத்த வண்ணப் படங்களுடன் இதற்கென ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அழகு நிலையம் நடத்தும் வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.