மதியம் பூட்டிக் கிடக்கும் கிளை நூலகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புறநகர்க் கிளை நூலகங்களுக்கு இப்போதெல்லாம் யார் வருகிறார்கள் என்ற பேச்சு கூட்டங்களிலும் பத்திரிகைகளிலும் அவ்வப்போது எழுகிறது. சென்னையின் தென்புறநகர் ஒன்றில் 26 ஆண்டுகளாக நூலக உறுப்பினராக இருக்கும் எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். வர விரும்பும் பலர் இறங்கிக் கிடக்கும் ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அந்த ஷட்டரைப் பற்றியே இக்கடிதம்.

எங்கள் நூலகம் இரண்டு அறைகளும் ஒரு தாழ்வாரமும் கொண்டது. காலை 9 மணிக்குத் திறக்கும் என்றால், அதற்கு ஐந்து நிமிடம் முன்பே நாலைந்து பெரியவர்கள் வாசலில் நிற்பார்கள். நாளிதழ் மேசைக்கு வந்ததும் தாள் தாளாகப் பிரிந்து, விளையாட்டுப் பக்கம் ஒருவர் கையிலும் தலையங்கப் பக்கம் இன்னொருவர் கையிலுமாகப் போய்விடும். படித்து முடித்தவர் அதைப் பக்க எண் பார்த்து அடுக்கி வைக்காவிட்டால், நூலகர் வாய் திறக்கும் முன்பே பக்கத்து நாற்காலிக்காரர் கண்டித்துவிடுவார்.

தாழ்வாரம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுடையது. குரூப் 4, காவலர் தேர்வு, ரயில்வே தேர்வு என்று ஆளுக்கொரு இலக்கோடு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடநூல்களைத் திரும்பவும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருப்பார்கள். அங்கே இருப்பது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். ஒரு மாணவி தன் வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவந்து மாட்டியிருக்கிறாள். அதில் நான்கு செல்பேசிகள் முறை வைத்துச் சார்ஜ் ஏறும். இவர்களில் பெரும்பாலோர் ஒற்றை அறை வாடகை வீடுகளிலிருந்து வருகிறவர்கள். தொலைக்காட்சிச் சத்தம் இல்லாத ஒரு மேசை அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே இடம் இந்தத் தாழ்வாரம்தான். எல்லாம் செல்பேசியிலேயே கிடைக்கிறதே என்பவர்கள் ஒரு நாள் வந்து இங்கே உட்கார்ந்து பார்க்கலாம்: செல்பேசி அவர்களிடமும் இருக்கிறது, உட்கார்ந்து படிக்கத்தான் இடம் இல்லை. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளின் பள்ளி விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லி நூலகரிடம் வருவதையும் பார்த்திருக்கிறேன். அது அவருடைய வேலைப் பட்டியலில் இல்லை என்றாலும் ஒருவரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை.

இத்தனையும் மதியம் 12.30 மணிக்கு நின்றுவிடுகிறது. மாலை 4 மணிக்குத்தான் மறுபடி திறக்கும், 7.30க்கு மூடிவிடும். வெள்ளிக்கிழமை வார விடுமுறை. இந்த நேரம் எந்தக் காலத்தில், யாருடைய அன்றாடத்தை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டதோ, இன்றைய புறநகர் வாழ்க்கைக்கு இது பொருந்தவில்லை. சமையலை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பெண்களுக்குத் தமக்கென்று வாய்ப்பது 12.30க்கும் 3.30க்கும் இடைப்பட்ட நேரமே. நூலகம் திறக்கும் 4 மணிக்கு அவர்கள் பள்ளி வேனுக்காகத் தெருமுனையில் நிற்கிறார்கள். காலை 8 மணி மின்சார ரயிலைப் பிடித்து நகரத்துக்கு வேலைக்குப் போய், இரவு 8 மணிக்கு மேல் வீடு திரும்புகிறவர்களுக்கு இந்த நூலகம் வார நாட்களில் இல்லாத மாதிரிதான். அஞ்சலகத்தில் எழுத்தராக இருந்த காலத்தில் எனக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் வாய்த்தது. அந்த ஆண்டுகளில் தாமதக் கட்டணமாகக் கட்டிய சில்லறையைச் சேர்த்து வைத்திருந்தால் நல்லதொரு அகராதி வாங்கியிருப்பேன். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோ அந்த மூன்றரை மணி நேரத்தைப் பேருந்து நிழற்குடையிலும் கோயில் மண்டபத்திலும் கழித்துவிட்டு மாலையில் திரும்பி வருகிறார்கள்.

நூலகரை இதில் குறை சொல்வதற்கில்லை. அவர் ஒருவரே புத்தகம் வழங்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், அலமாரி அடுக்க வேண்டும். போதாததற்குப் பக்கத்து ஊர்ப்புற நூலகத்தின் கூடுதல் பொறுப்பும் அவர் தலையில் இருக்கிறது. இந்த நூலகத்துக்குத் தேவை இன்னொரு ஆள். அந்த ஆளுக்குத் தேவை சம்பளம். அதற்குப் பணம் எங்கே என்று கேட்பவர்கள் தங்கள் வீட்டுச் சொத்துவரி ரசீதை எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் அன்றைய சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. நூலகத்துக்கென்றே மக்களிடம் தனியாக ஒரு வரி வாங்குவதை அச்சட்டம் வகுத்து வைத்தது. இன்று அது சொத்துவரியின் மேல் ரூபாய்க்கு 10 பைசா வீதம் வசூலாகிறது. புறநகரில் வயல்களாகக் கிடந்த இடமெல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்புகளாக எழும்பிய இந்த 20 ஆண்டுகளில் அந்த வரி எந்த அளவுக்குப் பெருகியிருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தத் தொகையை வசூலிப்பது உள்ளாட்சி. செலவிட வேண்டியது மாவட்ட நூலக ஆணைக்குழு. வசூலான பணம் முதலாமவரிடமிருந்து இரண்டாமவரிடம் உரிய காலத்தில் போய்ச் சேருவதில்லை என்பது பத்திரிகை படிப்பவர்களுக்குப் பழைய செய்தி. ஒவ்வோர் அரையாண்டும் நூலக வரியாக எவ்வளவு வசூலானது, அதில் எவ்வளவு ஒப்படைக்கப்பட்டது என்ற இரண்டே எண்களை அந்தந்த உள்ளாட்சி அலுவலகம் தன் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கட்டும். ரூ.1,000 செலுத்திப் புரவலராகச் சேருங்கள் என்று எங்களிடம் கேட்கிறார்கள். எங்கள் தெருவில் பலர் மனமுவந்து சேர்ந்தும் இருக்கிறோம். வரியாகக் கொடுத்ததற்குக் கணக்கு கேட்கும் உரிமை எங்களுக்கு அதைவிடக் கூடுதலாக உண்டு.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. அதே ஆண்டில்தான் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு, படிக்கிறவர் இருக்கும் ஊருக்கே நூலகம் போனது. வாசகர் இருக்கும் இடத்துக்கு அன்று வண்டி கட்டிக்கொண்டு போன ஒரு மாநிலத்தில், வாசகர் வரக்கூடிய நேரத்தில் கதவைத் திறந்து வையுங்கள் என்று இன்று கேட்பது பெரிய கோரிக்கையாக எனக்குத் தோன்றவில்லை. கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் பார்த்து நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் எங்கள் ஊரிலிருந்து அங்கே போய்வர அரை நாள் வேண்டும். எங்கள் கிளை நூலகத்துக்குப் பத்து நிமிட நடை.

இடைவேளை இல்லாமல் காலை முதல் இரவு வரை திறந்திருக்கும் முழு நேரக் கிளை நூலகமாக இதைத் தரம் உயர்த்துவதே முறையான தீர்வு. அதற்கு ஆணை வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும் என்பதை அரசுப் பணியில் இருந்தவள் என்ற முறையில் அறிவேன். ஆகவே இப்போதே, கூடுதல் செலவின்றிச் செய்யக்கூடியதைக் கேட்கிறேன். வாரத்தில் மூன்று நாட்கள் மட்டும் 11 மணி முதல் 3 மணி வரையிலும், மாலை 5.30 முதல் 8.30 வரையிலும் திறக்கலாம். நூலகரின் வேலை நேரம் அதே ஏழு மணி நேரம்தான். காலையில் நாளிதழ் படிக்க வரும் பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். மற்ற நாட்களின் காலை அவர்களுக்கே இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். புத்தகம் வழங்காமல் தாழ்வாரத்தை மட்டும் மதியத்தில் திறந்து வைக்க, வாசகர் வட்டத்தைச் சேர்ந்த ஓய்வு பெற்றவர்கள் சிலர் முறை வைத்துப் பொறுப்பேற்கத் தயாராக இருக்கிறோம். சாவியைக் கொடுக்கத்தான் அனுமதி இல்லை என்கிறார்கள்.

சென்ற புதன்கிழமை பகல் 1 மணிக்கு அந்த வழியாக வந்தபோது, ஒரு பெண்மணி தரையில் குந்தி உட்கார்ந்து, ஷட்டரின் அடி இடுக்கு வழியே ஒரு புத்தகத்தை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். அன்றுதான் தவணை நாளாம். மாலையில் வர முடியாதாம். அட்டை மடங்கிவிடுமோ என்று மெதுவாக, விரல் நுனியால் தள்ளினார். வேறு எதற்கும் இப்போது வழியில்லை என்றால், வாசலில் புத்தகம் திருப்பிப் போட ஒரு மரப்பெட்டியாவது வைக்கட்டும். தச்சருக்கு அரை நாள் வேலை; கூலியை நாங்களே தந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
கிளை நூலக உறுப்பினர் ஒருவர்,
சென்னை தென்புறநகர்.