பெயர் சொல்லாமல் போன அண்ணனுக்கு நன்றி

ஞாயிறு தமிழ் ஆராதனைக்குப் பின், தேநீர் நேரத்தில் எங்கள் ஜெபக்குழுவுக்கு வேதாகமத்தின் பிலிப்பியர் 4:6, 7 வசனங்களைப் பிரித்துக் காட்டிய அண்ணனுக்கு நன்றி. பெயர் கேட்பதற்குள் எம்ஆர்டி ரயிலுக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

ஏழாம் வசனத்தின் சமாதானத்தை எல்லாரும் கேட்கிறோம். கவலைப்படாமல், விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடு (நன்றியோடு) தேவனுக்குத் தெரியப்படுத்தச் சொல்லும் ஆறாம் வசனத்தைத் தாண்டிவிடுகிறோம். நீங்கள் சொன்ன முறை இது: கவலை ஒவ்வொன்றையும் ஒரே வரியில் எழுத வேண்டும். “எல்லாம் சரியாகட்டும்” போதாது. வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தவணை, மகனின் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) என்று பெயரிட வேண்டும். பக்கத்திலேயே ஒரு ஸ்தோத்திரம். வாய்விட்டு ஜெபித்துவிட்டுத் தாளை மடித்துவிட வேண்டும். ஆமென் சொன்னபின் அதே பட்டியலை மனத்தில் ஓட்டுவதுதான் பெரிய கோளாறு. ஜெபமே கவலைக்கு ஒத்திகையாகிவிடும். கவலை திரும்பி வந்தால் மறுபடி கேட்காமல், ஸ்தோத்திரத்தை மட்டும் சொல்லலாம்.

யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் மத்தேயு 5:23, 24தான் முதலில்: போய் ஒப்புரவாக வேண்டும். அதைத் தள்ளிப்போட்டு எத்தனை மணி நேரம் முழங்காலில் நின்றாலும் உள்ளே உறுத்தும்.

பிலிப்பியர், அப்போஸ்தலன் பவுல் சிறையில் கட்டுண்ட நிலையில் எழுதிய நிருபம் (கடிதம்) என்றும் நினைவூட்டினீர்கள். சூழ்நிலை மாறட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டால் பலதுறை மருந்தகத்துக்கும் போகச் சொன்னீர்களே, அதற்குத் தனி நன்றி. சபையில் அதைச் சொல்வோர் குறைவு.