டவுக்ஜானில் மூன்று பெயர்கள்

ரங்கூன், கம்பை

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்த மறு ஞாயிறே, ஆடி மழையையும் முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல், பிரோம் சாலையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வடக்கேயுள்ள டவுக்ஜான் போர்க் கல்லறைக்குப் போய்வந்தேன். நீ கப்பலேறிய 1964 முதல் இதே ஊரில் இருக்கும் எனக்கு, உன் பெரியப்பாவின் பெயரைத் தேடிப் பார்க்க இத்தனை காலம் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

1942-இல் ரங்கூனில் விழுந்த குண்டுகளுக்குத் தப்பி நடந்தே இந்தியா போய்ச் சேர்ந்தவர், மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் பட்டாளத்தில் சேர்ந்து, 1945-இல் ஐராவதியைக் கடந்த பிரிட்டிஷ் பதினான்காம் சேனையோடு பர்மாவுக்கே திரும்பி வந்து, மெய்க்டிலா பக்கம் மறைந்துபோனார் என்பது உங்கள் வீட்டுத் திண்ணையில் நான் கேட்டறிந்தது. பட்டாளத்துத் தாளில் 'காணவில்லை' என்று மட்டும் இருந்ததால், திதி தெரியாதவர்களுக்குச் செய்வதுபோல், உன் அப்பா மகாளய அமாவாசையில் அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பார். ஆனால் 1958-இல் அங்கே நினைவு மண்டபம் திறந்தபோது, என் தந்தை எவ்வளவு அழைத்தும், அந்தக் கல்லைப் பார்க்க மட்டும் அவர் வர மறுத்துவிட்டார். அது பிடிவாதம் என்று அப்போது நினைத்தேன். தர்ப்பணம் கொடுத்த பிறகும் அண்ணன் வருவார் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாரோ என்று இப்போது தோன்றுகிறது.

மெய்க்டிலாவிலும் மாண்டலேயிலும் புதைக்கப்பட்டவர்களைப் பிற்பாடு இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். 6,374 கல்லறைகளில் 867 பெயரற்றவை. கல்லறையே இல்லாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் மண்டபத்துத் தூண்களில், பட்டாளம் பட்டாளமாக, ஆங்கில எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. நம் பெயர்களை யாரோ காதில் விழுந்தபடி எழுதியதை, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் அடையாளம் தெரிகிறது. நடுவே, சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் இவர்கள் உயிர்நீத்தனர் என்ற வரி ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி என ஐந்து வகையில் இருக்கிறது, தமிழில் இல்லை. மதராஸ் பட்டாளத்துத் தூண் முன் நின்றபோது அது எனக்கு உறுத்தியது.

அந்தத் தூணில் உன் பெரியப்பாவின் பெயர் மூன்று இடங்களில் இருக்கிறது. எவர் நம்மவர் என்று தெரியாமல், வாங்கிப்போன மல்லிகைச் சரத்தை மூன்றாகப் பிய்த்துத் தூணடியில் வைத்தேன். மழைக்கு ஒதுங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்த பர்மிய இளம் ஜோடி ஒன்று, இந்தக் கிழவன் மூன்று முறை கும்பிடுவதை வேடிக்கை பார்த்தது.

பதிவேட்டில் சிலருக்குத் தந்தை பெயரும் ஊரும் குறித்திருக்கிறார்கள். உன் அப்பாவின் தகரப் பெட்டியில் அந்தப் பட்டாளத்துத் தாள் இன்னும் இருந்தால், அதிலுள்ள எண்ணையும், அந்நாளில் ஊர்ப்பெயரை எப்படி எழுதினார்கள் என்பதையும் பார்த்து எழுது. மூன்று பெயர்களின் படங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். புரட்டாசி அமாவாசைக்கு முன் உன் பதில் வந்தால் இன்னொரு முறை போய்வருவேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்