ஸ்விட்ச் போர்டு ஏன் மேலே ஏறியது?

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வீட்டுக் கடன், அடமானக் கடன் பிரிவுகளைக் கவனிக்கும் வங்கி அதிகாரிகளுக்கு வணக்கம்.

உங்களில் சிலருடைய பேனலில், அதாவது வங்கி அங்கீகரித்த பட்டியலில், நான் வேல்யூவராக இருக்கிறேன்; கடனுக்கு அடமானமாக வரும் வீடு, மனையை நேரில் பார்த்து விலை மதிப்பிடுவது என் வேலை. என் கையெழுத்து உங்களுக்குத் தெரியும், முகம் தெரியாது. மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன அறை, பழைய ஸ்கூட்டர், 30 மீட்டர் டேப், இரண்டு செல்போன். இதுதான் என் தொழில் முதலீடு. இரண்டாவது போன் உங்களுக்காக வாங்கியது. ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு ஆப் கொடுத்ததில் முதல் போன் மூச்சு முட்டி நின்றுவிட்டது. அந்த ஆப்களைப் பற்றித்தான் இந்த மடல்.

செல்போனே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நானில்லை. 1998-இல் நான் இந்த வேலைக்கு வந்தபோது ஃபிலிம் கேமராவோடுதான் சைட்டுக்குப் போவோம். ஒரு ரோலில் 36 படம். நாலைந்து வீடு பார்த்து ரோல் முடிந்தால்தான் ஸ்டுடியோவில் கழுவக் கொடுப்போம். பிரிண்ட் வந்து பார்த்தால் எந்தச் சுவர் யார் வீட்டுச் சுவர் என்று எனக்கே சந்தேகமாக இருக்கும். டேப்பின் மறுமுனையை வீட்டுக்காரர் பையன் பிடிப்பான். அவன் கை தளர்ந்தால் அளவும் தளரும். இப்போது லேசர் மீட்டரைச் சுவரில் வைத்து அழுத்தினால் ஒரு நொடியில் அளவு வந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் மனையின் அளவும் எல்லையும் காட்டும் புலப்பட நகல் வாங்க தாலுகா ஆபீஸுக்கு எத்தனை நடை நடந்திருப்பேன்! இன்று வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே பட்டா, புலப்படம், வில்லங்கம் எல்லாவற்றையும் போனில் இறக்கி, எதிரில் இருக்கும் வேலியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படத்தைப் புரட்டினால் இன்னும் சுவாரசியம். செம்மண் கொட்டி, கல் நட்டு, வெள்ளையடித்த கல்லில் எண் எழுதி நிற்கும் மனை, பதினைந்து வருடம் முன்பு தண்ணீர் தேங்கிய பள்ளமாகக் கிடந்தது அதில் அப்படியே தெரியும். புரோக்கர் சொல்லாததை அது சொல்லிவிடும்.

ஆகவே போனோடு எனக்குச் சண்டை கிடையாது. நீங்கள் ஏன் ஆப் கொண்டுவந்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் தொழிலிலேயே ஒரு வழக்கம் இருந்தது, இன்னும் முழுக்கப் போகவில்லை. வேல்யூவர் ஆபீஸில் உட்கார்ந்திருப்பார், பையன் போய் நாலு படம் எடுத்து வருவான், ரிப்போர்ட் தயாராகிவிடும். டேபிள் ரிப்போர்ட் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். அதைத் தடுக்கத்தான் இடமும் நேரமும் பதிந்த படம் கேட்கிறீர்கள். நியாயம். ஆனால் போலி லொகேஷன் காட்டும் ஆப்பும் அதே போனில்தான் கிடைக்கிறது. ஏமாற்ற நினைப்பவனுக்கு உங்கள் ஆப் ஒரு வேகத்தடை, அவ்வளவுதான்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். பெண்ணையாற்றங்கரையை ஒட்டிய ஒரு தெரு. தரைத்தளம் மட்டும் உள்ள ஆர்.சி.சி. வீடு. மாடி கட்ட, இருக்கும் கடனுக்கு மேல் டாப்-அப் கடன் கேட்டிருந்தார்கள். ஆப்பைத் திறந்தேன். நாற்பதுக்கும் மேலே கேள்விகள். முன்பக்கப் படம், பின்பக்கப் படம், தெருவின் இரண்டு பக்கப் படம், மீட்டர் படம், சமையலறைப் படம், வீட்டுக்காரரோடு என் செல்ஃபி. எல்லாம் பச்சை டிக் ஆகிக்கொண்டே வந்தது. வீடு பளிச்சென்று இருந்தது. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை.

ஹாலில் மின்விசிறியைப் போட எழுந்தபோதுதான் கவனித்தேன், ஸ்விட்ச் போர்டு என் தலைக்கு மேலே இருந்தது. கையை நன்றாகத் தூக்கித்தான் தட்ட வேண்டியிருந்தது. அடுத்த அறையிலும் அப்படியே. டிவிக்கான பிளக் பாயின்ட்கூட தோள் உயரத்தில். ஃபிரிட்ஜ் தரையில் நிற்கவில்லை, ஹாலோ பிளாக் அடுக்கி அதன் மேல் நின்றது. அலமாரிக் கதவைத் திறந்தேன். வெளியே புது மைக்கா ஒட்டியிருந்தது. உள்ளே கீழ்ப்பக்கப் பிளைவுட் அப்பளம் போல உப்பியிருந்தது. வாசல் கிரில்லில் முழங்காலுக்குக் கீழே மட்டும் துரு, புதுப் பெயின்ட்டையும் மீறித் தெரிந்தது.

நான் எதுவும் கேட்கவில்லை. மூலையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாதான் சொன்னார்: “தண்ணி இந்த ஜன்னல் கட்டைக்கு மேல நின்னுச்சு தம்பி. ரெண்டு நாளு மொட்டமாடியிலதான் கெடந்தோம்.” மகன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அம்மா கீரையைத் தொடர்ந்தார்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அடுத்த ஓரிரு நாளில் பெண்ணையாற்றுச் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கும் மேலே திறந்துவிட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். நாணமேடு, உச்சிமேடு, குண்டு உப்பலவாடி, தாழங்குடா பக்கமெல்லாம் அந்தத் தண்ணீர்தான் புகுந்தது. டேப்பை எடுத்துத் தரையிலிருந்து ஜன்னல் கட்டைவரை பிடித்தேன். 3 அடி. பேஸ்மட்டம், அதாவது வீட்டுத் தரை, சாலையிலிருந்து ஒன்றரை அடி உயரம். அப்படியென்றால் தெருவில் நாலரை அடிக்கும் மேலே தண்ணீர் நின்றிருக்கிறது.

இந்த அளவை எழுத ஆப்பில் இடம் தேடினேன். ‘மின் இணைப்பு: உள்ளது, இல்லை.’ உள்ளது. ‘மின் சாதனங்களின் நிலை: நன்று, சுமார், மோசம்.’ நன்று, எல்லாம் புதுசு. ‘பராமரிப்பு: நன்று.’ வெள்ளத்தோடு கொஞ்சமாவது தொடர்புள்ள கேள்வி ஒன்றே ஒன்றுதான் இருந்தது: ‘தாழ்வான பகுதியா? ஆம், இல்லை.’ ஆம் என்றேன். எந்த அளவுக்கு என்று அது கேட்கவில்லை. கடைசியில் ரிமார்க்ஸ் என்று ஒரு சின்னக் கட்டம். தமிழில் அடித்தால் ஏற்கவில்லை. ஆங்கிலத்தில் சுருக்கி, நீர்மட்டம், ஆண்டு, பேஸ்மட்டம் மூன்றையும் திணித்தேன்.

மறுநாள் போன் வந்தது. எந்த வங்கி, எந்தக் கிளை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். “சார், ரிமார்க்ஸ்ல ஏதோ போட்டிருக்கீங்க. சிஸ்டம்ல ஃபைல் ஹோல்டு ஆகி நிக்குது. அதை மட்டும் எடுத்துட்டு திரும்ப சப்மிட் பண்ணிடறீங்களா?” நான் எடுக்கவில்லை. கடன் கொடுக்க வேண்டாம் என்றும் நான் எழுதியிருக்கவில்லை. அந்தத் தெருவில் வெள்ளத்துக்கு அப்புறம் நடந்த கிரயங்களை விசாரித்து, விலையைக் கொஞ்சம் குறைத்துப் போட்டிருந்தேன். மாடி கட்டுவது அந்தக் குடும்பத்துக்கு நல்லதுதான், அடுத்த முறை மொட்டைமாடியில் தார்ப்பாய்க்கடியில் கிடக்க வேண்டாம். மகன் மட்டும் இப்போது என்னைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொள்கிறார்.

இதில் உங்கள் கிளை அதிகாரியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ரிமார்க்ஸ் எழுதினாலே ஃபைல் நிற்கும்படி செய்து வைத்தால் யார்தான் எழுதுவார்கள்? நாளடைவில் எல்லா வேல்யூவரும் அந்தக் கட்டத்தில் ‘Nil’, ஒன்றுமில்லை, என்று போடப் பழகிவிடுவார்கள். பலர் பழகிவிட்டார்கள். நான் போனேனா என்பதை உங்கள் ஆப் நன்றாகவே கண்டுபிடிக்கிறது. போய் என்ன பார்த்தேன் என்பதைச் சொல்லத்தான் இடம் இல்லை. 2011 ‘தானே’ புயல், 2015 மழை, 2024 ஃபெஞ்சல் என்று அடிமேல் அடி வாங்கிய ஊரில், நீர் நின்ற மட்டம் எவ்வளவு என்று கேட்காத வேல்யூவேஷன் படிவத்தை எந்த ஊரில் உட்கார்ந்து தயாரித்தார்களோ!

அடுத்தது, நான் நிற்கும் இடத்தை மேப்பில் காட்டும் அந்த நீலப் புள்ளி. திறந்த வானத்தின் கீழே சாதாரண ஸ்மார்ட்போன் சுமார் 4.9 மீட்டர் வட்டத்துக்குள் இடத்தைக் காட்டும் என்று அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளமே சொல்கிறது. நம் கணக்கில் 16 அடி. திருப்பாப்புலியூரில் 20 அடி முகப்பு உள்ள வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கின்றன. மரமும் மாடியும் சேர்ந்தால் பிழை இன்னும் கூடும். புள்ளி பக்கத்து வீட்டில் விழுவதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் ‘ஆயத்தொலைவு (இடத்தைக் குறிக்கும் எண்கள்) பொருந்தவில்லை’ என்று ஃபைல் திரும்பி வந்தால், நான் மறுபடியும் போய் அதே வாசலில் நின்று, புள்ளி நகரும்வரை போனை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு தடவை தெருநாய் இரண்டு கூட நின்று வேடிக்கை பார்த்தன.

எல்லைப் பக்கம் போனால் கூத்து அதிகம். புதுச்சேரி மண் ஒரே துண்டாக இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனாலும், எல்லை அவர்கள் விட்ட இடத்திலேயே வளைந்து நெளிந்து கிடக்கிறது. முள்ளோடை, பாகூர் பக்கம் ஒரு வயல் இங்கே, அடுத்த வயல் அங்கே. கடலூர் மாவட்டப் பட்டா உள்ள ஒரு மனையில் நின்று படம் எடுத்தேன். படத்தின் அடியில் புதுச்சேரி என்று முத்திரை விழுந்தது. மாநிலம் மாறினால் முத்திரைத் தீர்வை, வழிகாட்டி மதிப்பு, பதிவு அலுவலகம் எல்லாமே வேறு. ஆப் சொன்னதை நம்பி உங்கள் மத்திய அலுவலகம் புதுச்சேரி மதிப்பை எடுத்து ஒப்பிட்டு, என் விலை தவறு என்று எழுதி அனுப்பியது. பதிலுக்கு நான் கிரயப் பத்திரத்தின் முதல் பக்கத்தையும் பட்டாவையும் சேர்த்து அனுப்பினேன். ஒரு வாரம் போயிற்று.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். இது சின்ன விஷயம் போலத் தெரியும், பணம் முழுக்க இதில்தான் இருக்கிறது. பாகூர்க்காரர் ஒருவர் ‘பத்துக் குழி’ என்றால் 5,760 சதுர அடி. ஏனென்றால் புதுச்சேரியில் குழி என்பது 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. அதே சொல்லைக் காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒருவர் சொன்னால் 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. அங்கே நூறு குழி சேர்ந்தால் ஒரு மா, ஏறக்குறைய 33 சென்ட். இரண்டு குழிக்கும் நாலு மடங்கு வித்தியாசம். நடுவில் இருப்பது கடலூர், நான் இரண்டு பக்கமும் போகிறவன். புதுச்சேரிப் பட்டாவில் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று இருக்கும். உங்கள் ஆப்பில் சதுர அடியும் சதுர மீட்டரும் மட்டும். பரவாயில்லை, மாற்றிப் போட எனக்குத் தெரியும். ஆனால் மூல ஆவணத்தில் இருந்த அளவு எது, நான் எந்தக் கணக்கில் மாற்றினேன் என்று பதிய ஒரு கட்டம் வேண்டாமா? நாளைக்கு வேறொருவர் அந்த ஃபைலை எடுத்தால் எதை வைத்துச் சரிபார்ப்பார்?

கூரை வகையில் மெட்ராஸ் டெரஸ் இல்லை என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி வைசியாள் வீதி மாதிரித் தெருக்களில் தேக்கு விட்டத்தின் மேல் செங்கல்லைக் குத்துவசத்தில் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட வீடுகளுக்கு நான் ‘மற்றவை’ என்று குறிக்கிறேன். ஆப் உடனே தகர ஷெட்டுக்கான விலையைக் கொண்டுவந்து வைக்கிறது. சிரித்துக்கொண்டே அழித்துவிட்டு எழுதுகிறேன்.

செல்ஃபி விஷயத்தில் மட்டும் சிரிப்பு வருவதில்லை. தேவனாம்பட்டினத்தில் ஒரு மீனவர் வீட்டில் ஆண்கள் கடலுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் இருந்த பெண் என்னோடு நின்று படம் எடுத்துக்கொள்ளத் தயங்கினார். அந்தத் தயக்கம் சரியானது. படம் எங்கே போகிறது, யார் வைத்திருப்பார்கள், கடன் மறுக்கப்பட்டால் அழிப்பார்களா என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இலேயே வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் தாய்ப்பத்திரமும் ஆதார் நகலும் எனக்கு வந்து விழுவது இன்னும் நிற்கவில்லை. அவற்றை நான் மாதக் கடைசியில் அழிக்கிறேன். அப்படி அழிக்கச் சொல்லி உங்களிடமிருந்து ஒரு வரிகூட இதுவரை வந்ததில்லை.

சரி, என்ன கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஆப்பை வைத்துக்கொள்ளுங்கள். ரிமார்க்ஸ் கட்டத்தைப் பெரிதாக்குங்கள், தமிழை ஏற்கச் செய்யுங்கள், அதில் எழுதினால் ஃபைலை நிறுத்தாமல் ஒரு மனிதர் படிக்கும்படி செய்யுங்கள். வெள்ளம் நின்ற மட்டத்துக்கும் பேஸ்மட்ட உயரத்துக்கும் தனிக் கேள்வி வையுங்கள், ஆண்டையும் கேளுங்கள். புள்ளி பிசகினால் புலப்படத்தோடு சேர்த்து நான் தரும் விளக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். டவர் இல்லாத இடத்தில் சேமித்து, ஊருக்கு வந்தபின் ஏற்ற வழி செய்யுங்கள். செல்ஃபியில் என் முகம் மட்டும் போதும், வீட்டுப் பெண்களை விட்டுவிடலாம். ஃபீஸைப் பற்றி இந்த மடலில் பேசவில்லை, அதற்குத் தனியாக எழுதுவேன்.

இதையெல்லாம் நம்ப முடியவில்லை என்றால் ஒரு நாள் என்னோடு வாருங்கள். வரும் புதன்கிழமை காலை குண்டு உப்பலவாடி பக்கம் ஒரு சைட் இருக்கிறது. எட்டரைக்கு மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்புகிறேன், ஸ்கூட்டரில் பின்னால் இடம் உண்டு. ஷூ வேண்டாம், செருப்பு போட்டு வாருங்கள். அந்தத் தெருவில் இன்னும் சேறு காயவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பேனலில் உள்ள ஒரு வேல்யூவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.